ஐந்து நட்சத்திர முருங்கைக்கீரை

முருங்கைக்கீரைப் பொடியை ஜப்பான் டீ என்று நம்பி ஆன்லைனில் வாங்கியவன் நான். அதுவும் என் கடைக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் நின்று, பறிக்க ஆளில்லாமல் அதன் கீரையை ஆடு தின்றுகொண்டிருக்கும்போது. பாக்கெட்டின் மேல் பனி மூடிய ஒரு மலை இருந்தது. ஒற்றைக்காலில் ஒரு கொக்கு நின்றது. புரியாத எழுத்தில் சில வரிகள் இருந்தன. எழுத்து புரியாவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு உசத்தியாகத்தான் இருக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே என் கொள்கை. போதாததற்குப் படத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரம். பட்டனை அமுக்கிவிட்டேன்.

எனக்காக வாங்கியிருந்தால் கீரை உடம்புக்கு நல்லது என்று குடித்துவிட்டுப் போயிருப்பேன். வாங்கியது அக்காவுக்காக.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அருப்புக்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த தெருக்காரர். பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம், வாக்கப்பட்டு வந்தது இங்கே. ஒரு ஸ்பின்னிங் மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் குரலை இணைத்துக் கொடுத்ததாலோ என்னவோ, வெளியே வந்த பிறகு தன் குரலை யாரும் தடுக்க விடவில்லை. அக்கா தெருவில் நடந்தால், எடைக்கல்லில் ஈயத்தைச் சுரண்டிய காய்கறிக்காரர் தள்ளுவண்டியை ஒரு சந்துக்குள் திருப்பிவிடுவார். நானே பார்த்திருக்கிறேன். என் ஜெராக்ஸில் எழுத்து மங்கலாக விழுந்தால், அக்கா அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து, “இதை நீ படி, நான் கேக்கேன்” என்பார். முழுசாகப் படிக்க வைப்பார். ஒருமுறை பட்டா நகல் ஒன்றைச் சர்வே எண் முதல் முத்திரை வரை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நான் சாப்பிடப் போனேன்.

எல்லாச் சண்டைக்கும் அவரிடம் ஒரே ஒரு தொடக்க வரிதான்: “கேக்க ஆளு இல்லைன்னு நெனச்சியா?”

சேலைக்கடை விஷயம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். கைத்தறி என்று சொல்லி ஒரு சேலையை விற்றுவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால் விசைத்தறி. நெசவுக்காரர் ஊரில், நெசவுக்காரர் தெருவிலேயே குடியிருக்கும் பெண்ணிடம் இந்த வேலை. அக்கா சேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காசும் கேட்கவில்லை. அந்தக் கடையின் மெத்தை போட்ட பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் சேலையை விரித்து, “இது என்னன்னு சொல்றாக தெரியுமா, கைத்தறியாம்” என்றார். அவ்வளவுதான். கடைக்காரர் கலர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கலரைக் குடித்தார். குடித்துவிட்டு, அடுத்து வந்தவரிடமும் சேலையை விரித்தார். கடை சாத்தும்வரை அப்படித்தான். மறுநாள் கடைக்குள் ஒரு பலகை தொங்கியது, எது கைத்தறி எது விசைத்தறி என்று தனித்தனியாக எழுதி.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் முருங்கைக்கீரையை வாங்கிக் கொடுத்தேன்.

அக்காவுக்கு டீயே பிடிக்காது. கேட்டது அவர் வீட்டுக்காரருக்கு. எனக்கு மாமா முறை. அதே மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஜப்பானிலிருந்து புது மிஷின் வாங்கியபோது, அதைக் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டு வரச் சொல்லி மில்லில் அவரைச் சில மாதம் அங்கே அனுப்பியிருந்தார்கள். போகும்போது ஊறுகாய் டப்பாவோடு போனவர், வரும்போது டீ டப்பாவோடு வந்தார். அதற்குப் பிறகு பால் டீயைத் தொடவில்லை. அங்கே பழக்கமான ஒருவர் வருசா வருசம் புதுப் பறிப்பு வந்ததும் ஒரு பொட்டலம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும் பொட்டலமும் நின்றது. மாமா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாதவர். வீட்டுக்கு ஒருவர் பேசினால் போதும் என்று ஒப்பந்தம் போலிருக்கிறது.

அப்புறம் ஒருநாள் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் போயிற்று. காபி கொடுத்தால் உதட்டை மூடிக்கொண்டார். கஞ்சி பாதி இறங்கும், பாதி துண்டில் வழியும். எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார், நல்ல கையைக் குழித்து, கிண்ணம் மாதிரி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய். தண்ணீர் கொடுத்தால் தலையை ஆட்டுவார். அது என்னவென்று கண்டுபிடிக்க அக்காவுக்கு வெகுநாள் ஆனது. கண்டுபிடித்த அன்றைக்கே கடைக்கு வந்துவிட்டார்.

“தம்பி, அவுக ஒண்ணே ஒண்ணு கேக்காக. அந்தப் பச்சை டீ. எங்க கெடைக்கும்னு ஒன் பொட்டியில பாரு.”

பார்த்துத்தான் கீரை வாங்கினேன்.

அதை அக்கா என் கடையிலேயே வெந்நீரில் போட்டார். நிறம் வந்ததும் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து கடைக்குப் பின்னால் போய், ஒரு முருங்கைக் கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து, பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். அந்த ஒருமுறைதான் அக்கா திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து வந்தது மல்லிகைப்பூ வாசம் ஏற்றிய ஏதோ ஒரு தழை. அதற்கடுத்தது தொப்பையைக் குறைக்கும் டீ. மாமாவிடம் இருந்ததே எலும்பும் தோலும்தான், அதில் எதைக் குறைக்க? ஒவ்வொன்றையும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவார். மாமா ஒரு வாய் வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அக்கா திரும்பக் கடைக்கு வந்து, கஸ்டமர் கேருக்குப் போட்டுக் கொடு என்பார்.

“மேடம், உங்க ரீஃபண்ட் போட்டாச்சு மேடம்.”

“பணத்தையா கேட்டேன்? டீயைக் கேட்டேன்.”

“ரீஃபண்ட் மூணு நாள்ல வந்துரும் மேடம்.”

“வாயி பேச முடியாத மனுசனுக்குப் பொய்யை ஊத்திக் குடுத்திருக்கீக. அவுக கேக்க மாட்டாகன்னு தைரியமா? நான் இருக்கேன்ல. கேக்க ஆளு இல்லைன்னு நெனச்சியா?”

மறுபக்கம் இருந்த பிள்ளை பாவம், எந்த ஊரோ, எந்த ராத்திரி ஷிஃப்டோ. “வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்” என்று கேட்டுவிட்டது. எழுதிக்கொடுத்த வசனம். அக்கா போனை என்னிடம் நீட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். அக்காவுக்குக் கண்ணில் நீர் வராது, கழுத்து வேர்க்கும்.

பிறகு அக்காவே தேடும் முறையை மாற்றினார். நட்சத்திரத்தைப் பார்க்காதே என்றார். “கத்தரிக்கா வாங்கும்போது நட்சத்திரமா பாக்குறோம்? எந்த ஊருக் காயி, எப்பப் பறிச்சதுன்னுதானே கேக்கோம். அதைக் கேளு.” நான் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் கேள்விப் பெட்டியில் எழுதினேன். இந்த இலை எந்த ஊரில் விளைந்தது? எந்த மாதம் பறித்தது? ஒருவர் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்றார். ஒருவர் ‘ஜப்பான் ஊர்’ என்றார். ஒருவர் இதயப் படம் போட்டார். மலைப்படக்காரர் மட்டும் பதிலே போடவில்லை. அவருக்கு எதற்குப் பதில்? ஐந்து நட்சத்திரம் இருக்கிறது.

ஒரே ஒருத்தி பதில் எழுதினாள். சென்னையில் ஒரு மாடி வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்து விற்கிற பெண். ‘ககோஷிமா, ஜப்பானில் தெற்கே. எரிமலைச் சாம்பல் விழுகிற பக்கம். மே மாதம், முதல் பறிப்பு. வந்து ஒரு மாதம் ஆகிறது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும். யாருக்காக வாங்குகிறீர்கள்?’ என்று. கொக்கு இல்லை, மலை இல்லை. ஒரு வெள்ளைத் தட்டில் ஊசி மாதிரி பச்சை இலை, அவ்வளவுதான் படம். நட்சத்திரமும் குறைவு.

“இவ கேக்கா பாரு, யாருக்குன்னு,” என்றார் அக்கா. “இவட்ட வாங்கு.”

பொட்டலம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தது. எனக்குக் கை நிற்கவில்லை. கத்தரியால் வெட்டி, முகர்ந்து, போட்டோ எடுத்து, பெண்டாட்டிக்கு அனுப்பி, ரப்பர் பேண்ட் போட்டுக் கடை ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி எழுதியிருந்தது. அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. நேற்றையதை இன்றையது என்று ஏமாற்றுகிற பெட்டி என்பது அவர் கட்சி. வந்த பொட்டலங்கள் எல்லாமே என்னுடைய கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும், அக்கா காலையில் வந்து அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்.

மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“இவளும் பூ வாசம் போட்டு வச்சிருக்கா. டைப் அடி.”

அக்கா சொல்லச் சொல்ல விமர்சனம் எழுதினேன். ஒரு நட்சத்திரம். அக்கா சொன்னதில் கோபம் மட்டும் இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: ‘இந்த டீயைக் குடிக்க முடியாது, தலையில் வைத்துக்கொள்ளலாம்.’ அந்த வரிக்கு விழுந்த லைக்குகளை நான் வாழ்க்கையில் வேறு எதற்கும் வாங்கியதில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சிரிப்புப் படம் போட்டார்கள். ரெண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெண் போன் செய்தாள். அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை. “சார், என் வீட்ல மல்லிகையே இல்ல சார். எங்க இருந்து வாசம் வந்துச்சுன்னு எனக்குப் புரியல. இன்னொரு பாக்கெட் அனுப்புறேன். பிரிச்ச உடனே போட்டுக் குடுத்துப் பாருங்க” என்றாள்.

அந்தப் பாக்கெட் வந்த அன்று நான் பந்தல்குடியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் இருந்தேன். கடை பூட்டியிருந்ததால் கூரியர்க்காரர் நேரே அக்கா வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அவருடைய கை, மறுபக்கம் அக்காவின் கை, நடுவில் எவர்சில்வர் டம்ளர். ஜப்பானில் ரெண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார்களாம். மாமாவுக்கு ஒரு கைதான் வேலை செய்தது. மற்றதை அக்கா கொடுத்திருந்தார். டம்ளர் காலியான பிறகும் மாமா அதைக் கீழே வைக்க விடவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிட்டேன். எதையாவது பேசி வைப்பேன் என்று என்மேல் எனக்கே பயம்.

மிச்சத்தை அக்கா மறுநாள் என் ஃப்ரிட்ஜில் வைத்தார். அதற்கு அடுத்த நாள் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா டம்ளரோடு கடைக்குள் வந்தார். என்னை நகரச் சொன்னார். ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பிறகு கீழ்த்தட்டில் கையை விட்டு, ஈரத்துணி சுற்றிய ஒரு மூட்டையை இழுத்து வெளியே போட்டார். மல்லிகை. பக்கத்துப் பூக்கடைக்காரம்மா விற்காத பூவை வருசக்கணக்காக என் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறார். என் கடை முழுக்க எப்போதும் அந்த வாசம்தான். தூக்கத்திலும் அதுதான். அதனால் அது வாசமாகவே எனக்குத் தெரிந்ததில்லை. அக்கா தலையிலும் தினமும் அதே பூதான், டீயில் பூ வாசம் தெரிந்தும் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. நல்ல டீயில்தான் பூ ஏறியிருக்கிறது என்று படுத்துக்கிடந்த ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவரால் சொல்ல முடியவில்லை.

“ஏண்டா. டீயைப் பூ மூட்டைக்கு மேல தூங்க வச்சிருக்கியேடா.”

“அது பூக்காரம்மா மூட்டை அக்கா.”

“ஃப்ரிட்ஜு யாருது?”

பூக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “என்னக்கா, என் பூவை ஏன் தரையில போட்டீக?”

“ஒம் பூவால எம் புருசன் பட்டினி.”

அன்றைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் விழுந்த திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதியை எழுதினால் நம்ப மாட்டீர்கள். முடித்ததும் அக்கா அந்தச் சென்னைப் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னார். அக்கா மன்னிப்புக் கேட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் சண்டை மாதிரியே இருந்தது.

“ஒன்னயத் திட்டுனது தப்பு. நல்ல சரக்குதான் குடுத்திருக்க. ஆனா பூவுக்குப் பக்கத்துல வைக்காதீகன்னு நீ பாக்கெட்டுல போட்டிருக்க வேண்டாமா?”

மறுபக்கம் அவள் சிரித்தது எனக்கே கேட்டது. அடுத்த பாக்கெட்டில் தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வந்தது: மல்லிகைப்பூவுக்கு அருகில் வைக்க வேண்டாம்.

விமர்சனத்தை அழித்தேன், ஐந்து நட்சத்திரம் போட்டேன். ஆனால் அந்த ‘தலையில் வைத்துக்கொள்ளலாம்’ வரி ஸ்கிரீன்ஷாட்டாகி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நல்ல வரி ஒன்று ஜென்மத்தில் எழுதினேன், அது ஒரு நல்ல மனுசியின் வயிற்றில் அடிக்கப் போய்விட்டது. தேடினால் அவள் கடை முதல் பக்கத்தில் வராமல் போனது. பிறகு கடைசிப் பக்கத்திலும் வரவில்லை. அவளுடைய வெள்ளைத் தட்டுப் படத்தைத் திருடி, பக்கத்தில் ஒரு கொக்கையும் சேர்த்து, மலைப்படக்காரன் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்ட வார்த்தை வந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து, அந்த ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து வாய் வலிக்கும்வரை திட்டினேன். அது மின்னிக்கொண்டேதான் இருந்தது. இன்றைக்கும் மின்னுகிறது. போய்ப் பாருங்கள், ‘ரொம்பப் பிரமாதம்’, ‘சூப்பர் டேஸ்ட்’ என்று சரம் சரமாக எழுதியிருக்கிறார்கள். ஒருத்தருக்காவது முருங்கை தெரியாதா? கூட்டு வைத்துச் சாப்பிட்டதே இல்லையா?

அவள் போன் எண்ணும் நின்றுவிட்டது. இருந்த கடைசிப் பாக்கெட்டை அக்கா சிட்டிகை சிட்டிகையாக ஓட்டினார். ஃப்ரிட்ஜில் இல்லை, தன் வீட்டில், மண்பானைக்குப் பக்கத்தில், இறுக்கி மூடிய டப்பாவில். தலையில் பூ வைப்பதையும் அப்போது நிறுத்திவிட்டிருந்தார். அந்த டப்பாவும் தீர்ந்தது. நான் மறுபடி தேடினேன். அக்கா மறுபடி கஸ்டமர் கேரோடு மோதினார். இப்போது மறுபக்கம் பிள்ளைகளும் இல்லை, ஒரு மிஷின் பேசியது. ஒன்றை அமுக்கு, ரெண்டை அமுக்கு என்றது. “மிஷினைப் பேச விட்டுட்டு எங்கடா ஒளிஞ்சிருக்கீக?” என்றார் அக்கா. மிஷின், உங்கள் விருப்பத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றது.

மாமா போன அன்றைக்கு, வாசலில் பந்தல் போட்டு, கொட்டுக்காரர்கள் வந்து அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் கூரியர்க்காரர் வந்து நின்றார். கொட்டுச் சத்தத்தில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “அண்ணே, ஓடிபி சொல்லுங்க” என்றார். கடைசியாக நான் போட்டுவைத்த ஆர்டர். போனை எடுத்து எண்ணைச் சொன்னேன். சாவு வீட்டில் நின்றுகொண்டு, கத்திச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது அக்கா பார்த்துவிட்டார். பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார்.

“எந்த ஊரு இலைன்னு போட்டிருக்கான்?”

திருப்பிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

“திருப்பி அனுப்பிரு.”

சொல்லிவிட்டு உள்ளே போய், மாமா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். கழுத்து மட்டும் வேர்த்திருந்தது.

காரியம் முடிந்ததும் மகள் வந்து அக்காவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாள். அடுத்த தெருவில் தள்ளுவண்டிகள் இப்போது நடுரோட்டிலேயே நிற்கின்றன. சேலைக்கடைப் பலகையையும் காணோம். என் ஜெராக்ஸ் மங்கலாக விழுந்தால் யாரும் என்னைப் படிக்கச் சொல்வதில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் பெண்டாட்டி, “யாராச்சும் ரெண்டு வையணும்னு கெடக்கு ஒனக்கு” என்கிறாள்.

போன வாரம் சும்மா போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. வெள்ளைத் தட்டு, ஊசி மாதிரி பச்சை இலை. பாக்கெட்டின் ஓரத்தில் தமிழில் ஒரு ஸ்டிக்கர்: மல்லிகைப்பூவுக்கு அருகில் வைக்க வேண்டாம். அதே பெண்தான். பெரிய கடைக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று, சொந்தமாக ஒரு பக்கம் திறந்திருக்கிறாள். எந்த ஊர் இலை, எந்த மாதப் பறிப்பு, எல்லாம் போட்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோசத்தில் கால் தரையில் நிற்கவில்லை. எத்தனை நாள் தேடியது. உடனே படத்தோடு அக்காவுக்கு வாட்ஸப்பில் போட்டேன்.

“அக்கா, அந்தப் புள்ள திரும்ப வந்துட்டா. புது இலை வந்திருக்கு. ஒரு பாக்கெட் போடவா?”

டிக் நீலமானது. மேலே டைப்பிங் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நான் கஸ்டமருக்கு ஆதார் அட்டையின் ரெண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பதில் வந்திருந்தது.

“யாருக்கு?”